வலிக்குச் சாட்சி யார்?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம் மக்கள் சொல்லுவார்கள். பிறர் துன்பத்தை அலட்சியமாகப் பேசுகிறவனை இடித்துரைக்கப் பிறந்த பழமொழி இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நாளடைவில் இதற்கு வேறொரு பயனும் ஏற்பட்டுவிட்டது. 'அவரவர் வலி அவரவருக்கே தெரியும். எனக்குத் தெரியாத ஒன்றுக்கு நான் எவ்வாறு பொறுப்பாவேன்?' என்று ஒதுங்கிக் கொள்வதற்கும் இதே பழமொழியைத்தான் நாம் துணைக்கு அழைக்கிறோம். பிறருடைய வலியை அறிய முடியுமா என்பது தத்துவத்தின் கேள்வி. அறிய முடியாதென்றே வைத்துக்கொண்டாலும், வலிக்கிறது என்று ஒருவர் சொல்லும்போது அச்சொல்லை ஏற்கும் கடமை நமக்கு உண்டா என்பது அறத்தின் கேள்வி. முதற் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை இரண்டாவதை ஒத்திவைக்க நமக்கு உரிமையில்லை என்பதே நமது கருத்து.

கால் முறிந்து கட்டுப் போட்டிருப்பவனிடம் யாரும் சாட்சி கேட்பதில்லை. கட்டே சாட்சி. உடலில் காயமில்லை, வீக்கமில்லை, நடையில் தள்ளாட்டமுமில்லை; ஆனால் மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காக வலி நீங்கவில்லை என்றால் அப்போதுதான் கேள்வி எழுகிறது. முள்ளந்தண்டு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தும் வலி, இளவயதிலேயே மூட்டுகளைப் பற்றும் முடக்குவாதம், ஒற்றைத் தலைவலி, கருப்பையின் உட்சவ்வை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே வளர்வதால் மாதந்தோறும் பெண்ணை வதைக்கும் எண்டோமெற்றியோசிஸ் என்னும் நோய் ஆகியன இவ்வகையின. கடைசியாகச் சொன்னது கருவுறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரைத் தாக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என வைத்தியர்கள் வகுக்கின்றனர். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சர்வதேச நோய் வகைப்பாட்டின் பதினோராவது திருத்தம் அதற்கெனத் தனி இடமே ஒதுக்கியது.

இக்கேள்வியைப் பதுளையிலும் ஊவாவின் தோட்டங்களிலும் வைத்து ஆராய விரும்புகிறோம். பசறையிலும், மடூல்சீமையிலும், ஹாலி எலயிலும், அப்புத்தளையிலும் இது வகுப்பறைக் கேள்வி அன்று. அங்கே அது நாளொன்றுக்கு மூன்று தடவை தராசின் முன் வந்து நிற்கிறது.

தோட்ட வாழ்வை அறியாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். நாட்சம்பளம் என்பது வேலைக்கு வந்ததற்காக மட்டும் கிடைப்பதன்று. தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறும் ஒரு நிறையைக் கொழுந்தாகப் பறித்துக் கொடுத்தாக வேண்டும். பல தோட்டங்களில் அது பதினெட்டு கிலோ. அதற்கு மேலும் உண்டு. குறைந்தால் 'அரைப் பேர்'. அதாவது அன்றைக்கு அந்தத் தொழிலாளி அரை மனிதராகப் பதியப்படுகிறார். இச்சொல்லை உண்டாக்கியவர் எவரோ தெரியாது. ஆனால் ஒரு முழுச் சமூகத் தத்துவத்தையே இரண்டு சொற்களில் அடக்கிவிட்டார். 2021ஆம் ஆண்டு நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட பின்னர், கூடிய சம்பளத்துக்கு ஈடாகக் கொழுந்தின் நிறையைக் கூட்டிக் கேட்டதால் பல தோட்டங்களில் தகராறுகள் எழுந்தன. மலையகத்தின் புகழ்பெற்ற சிறுகதைத் தொகுதிகளில் ஒன்றுக்கு என். எஸ். எம். இராமையா 'ஒரு கூடைக் கொழுந்து' என்று பெயரிட்டது தற்செயலன்று. அங்கே மனித வாழ்வின் அலகு கூடை.

அக்கூடையின் கயிறு உச்சந்தலையில் மாட்டப்படுகிறது. நிறையும் கொழுந்தின் பாரம் கழுத்தின் வழியே முதுகுக்கும் இடுப்புக்கும் இறங்குகிறது. கால்கள் சரிவில் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக ஊன்றியிருக்க, விரல்கள் ஓயாமல் ஒரே அசைவைத் திருப்பித் திருப்பிச் செய்கின்றன. இவ்வாறு பதினெட்டு வயதில் மலைக்குப் போகத் தொடங்கிய ஒரு பெண்ணின் கழுத்தெலும்பும் மணிக்கட்டும் இருபத்தைந்தாம் வயதில் எந்நிலையில் இருக்கும் என்பதை ஊகிக்க வைத்தியப் பட்டம் தேவையில்லை. ஆனால் தராசு கழுத்தை நிறுப்பதில்லை. பன்னிரண்டு கிலோ என்றால் பன்னிரண்டு கிலோதான். அது சோம்பலின் பன்னிரண்டா, வேதனையின் பன்னிரண்டா என்று கேட்கும் முள் அதில் கிடையாது.

இங்கே ஒரு முரணைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. ஆடி, ஆவணி மாதங்களில் வறண்ட கச்சான் காற்று ஊவா மலைச்சரிவுகளில் வீசும்போது தேயிலைச் செடி வாடுகிறது. நீர்க்குறைவால் தவிக்கும் செடி தன்னுள்ளே சில வாசனைப் பொருள்களைச் சுரக்கிறது. ஊவாத் தேயிலையின் உலகறிந்த மணம் பிறப்பது அத்தவிப்பில்தான். கொழும்பு ஏலத்தில் அதைச் சுவைத்து, இது இன்ன வாரத்துக் கொழுந்து, இன்ன சரிவில் விளைந்தது என்று சொல்லக்கூடிய நிபுணர்கள் இருக்கிறார்கள். செடியின் வாட்டம் இவ்வளவு நுட்பமாக அறியப்பட்டு, அதற்கு விலையும் கிடைக்கிறது. அதே காற்றில் அதே சரிவில் நின்று அதைக் கிள்ளியவளின் வாட்டத்தை அறிய எந்த நிபுணரும் அமர்த்தப்படவில்லை. ஆகவே நுண்ணிய துன்பங்களை அறிய மனிதனுக்கு ஆற்றல் இல்லை என்ற வாதம் எடுபடாது. வேண்டும் இடத்தில் அந்த ஆற்றல் வந்துவிடுகிறது.

வலி முதியவருக்கு அனுமதிக்கப்பட்ட ஒன்று. அறுபது வயதுக்காரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஊரே அதை இயல்பென ஏற்கிறது. இருபத்திரண்டு வயதுக்காரி உட்கார்ந்தால் முதலில் சினப்பவள் அவளைப் பெற்றவளே. "இந்த வயசுல ஒனக்கு என்னடி வலி? நான் ஒன்னய வயித்துல வச்சிக்கிட்டு மலைக்குப் போனவ" என்று தாய் சொல்வதை லயத்துக் காம்பராக்களில் கேளாதவர் இல்லை. இச்சொல்லைக் கல்நெஞ்சின் சொல்லென்று நாம் தள்ளிவிடக் கூடாது. தாய் பொய் சொல்லவில்லை. அவளும் வலியோடுதான் போனாள். அவளை யாரும் நம்பவில்லை. ஆகவே நம்பாதிருப்பதே உலக வழக்கென்று கற்றுக்கொண்டாள். தன் மகளின் வலியை மெய்யென்று இன்று ஒப்புக்கொண்டால், முப்பது ஆண்டுகளுக்கு முன் தன்மீது இழைக்கப்பட்டது அநீதி என்பதையும் ஒப்புக்கொள்ள நேரும். அது எளிதான காரியமா? தாங்கியதைப் பெருமையாகக் கொள்வதுதான் தாங்கியவளுக்கு எஞ்சியிருக்கும் ஒரே சொத்து. அச்சொத்தை அவள் மகளுக்கும் கொடுக்கிறாள்.

இதனோடு கல்யாணப் பேச்சும் சேர்ந்துகொள்கிறது. 'சீக்குக்காரி' என்ற பெயர் ஒரு தடவை லயத்தில் பரவிவிட்டால் அதை அழிக்க முடியாது. எனவே வலியை நம்பாத அதே குடும்பம் அதை மறைக்கவும் சொல்கிறது. இல்லாத ஒன்றை எதற்காக மறைக்க வேண்டும் என்று அப்பெண் கேட்டால் அவளுக்கு விடை சொல்வார் யார்? கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போன இளைஞர்களின் நிலையும் இதற்குக் குறைந்ததன்று. நாள் முழுதும் நின்றே வேலை செய்யும் பையன் முதுகுவலியென்று வாய் திறந்தால், அவன் இடத்துக்கு வர ஊரில் பத்துப் பேர் காத்திருப்பது அவனுக்குத் தெரியும். பசறையிலிருந்து பதுளைக்கு வளைந்து வளைந்து இறங்கும் பஸ்ஸில், அங்கவீனருக்கென ஒதுக்கிய ஆசனம் காலியாக இருந்தும் உட்காராமல் கம்பியைப் பற்றிக்கொண்டு நிற்கிற இளைஞர்களுள் சிலர் மரியாதைக்காக நிற்பவர்களல்லர். உட்கார்ந்தால் விளக்கம் சொல்ல வேண்டுமே என்று அஞ்சி நிற்கிறார்கள்.

பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போவதென்றால் ஒரு நாட்சம்பளத்தை இழந்தே போக வேண்டும். விடியுமுன் புறப்பட்டு, வரிசையில் நின்று, இரத்தமும் எக்ஸ்ரேயும் பார்த்த பின் கிடைக்கும் விடை பலவேளைகளில் 'ஒன்றுமில்லை' என்பதே. வைத்தியர் சொல்வது, இப்பரிசோதனைகளில் ஒன்றும் தென்படவில்லை என்று. அச்சொல் பஸ் ஏறி லயத்துக்கு வந்து சேரும்போது, அவளுக்கு ஒன்றுமில்லை என்றாகிவிடுகிறது. மறுநாள் பிரட்டுக்களத்தில் அதுவே, அவள் நடிக்கிறாள் என்று முடிகிறது. ஒரு பரிசோதனையின் எல்லையைக் குறித்த சொல் இருபது மைல் பயணத்தில் ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைக் குறித்த தீர்ப்பாக மாறிவிடுவதைக் கவனிக்க வேண்டும்.

தமிழில் நோய் என்ற பழஞ்சொல்லுக்கு வலி, துன்பம் என்பனவெல்லாம் பொருள். பிரிவுத் துயரைக் கூட நம் முன்னோர் நோய் என்றே சொன்னார்கள். யாழ்ப்பாணத்தார் இன்றும் 'நோகுது' என்கிறார்கள். உணர்பவனிடமிருந்து தொடங்கிய சொல் அது. இன்றோ வைத்தியர் பெயர் சூட்டியதே நோய். பெயரில்லாத வேதனைக்கு நோய் என்ற தகுதி இல்லை. 'இன்னா செய்யாமை' அதிகாரத்தில் வள்ளுவர், பிற உயிரின் நோயைத் தன் நோய்போல் கருதாதவரிடத்தில் அறிவினால் என்ன பயன் என்ற கருத்தை வைக்கிறார். அவர் இரக்கத்தைப் பற்றிப் பேசியிருக்கலாம். அறிவைப் பற்றிப் பேசினார். பிறர் வலியை உணர்வது நெஞ்சின் ஈரத்தால் மாத்திரம் நிகழ்வதன்று, அறிவின் தொழிலும் ஆகும் என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

அறிவின் இன்றைய நிலையும் இதற்கு மாறானதன்று. காயத்திலிருந்து மூளைக்கு ஒரு கம்பி ஓடுகிறது, காயமிருந்தால் மணி அடிக்கும், ஆறினால் நின்றுவிடும் என்ற பழைய எண்ணத்தை 1965இல் மெல்சாக், வால் என்னும் இருவர் உடைத்தனர். முள்ளந்தண்டு வடத்திலேயே வலிக்குறிகளைத் தடுக்கவும் பெருக்கவும் வல்ல ஒரு வாயில் போன்ற அமைப்பு உண்டென்று அவர்கள் விளக்கினார்கள். ஓயாத தூண்டலால் நரம்பு மண்டலமே கூருணர்வு பெற்றுவிடக் கூடும் என்பதை 1983இல் கிளிபோர்ட் வுல்ஃப் காட்டினார். தோட்டத்து மொழியில் சொன்னால், பிரட்டு முடிந்து எல்லாரும் மலைக்குப் போன பின்னும் தப்பு தானே முழங்கிக்கொண்டிருப்பது போன்றது அது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லாதிருப்பதும் வலி மெய்யாயிருப்பதும் ஒருங்கே உண்மையாகலாம். வலியை ஆராயும் சர்வதேசச் சங்கம் 1979இல் வகுத்த வரையறையை 2020இல் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் கூறுவதை மதிக்க வேண்டும் என்பதைக் குறிப்பாகவே சேர்த்துக்கொண்டது.

நோயாளியின் சொல்லே விஞ்ஞானத்துக்குச் சான்றாகலாம் என்பதற்கு மேற்சொன்ன மெல்சாக்கின் மற்றொரு பணியும் உதாரணம். வலியை நோயாளிகள் வருணிக்கும் சொற்களைத் திரட்டி, 78 சொற்களை இருபது தொகுதிகளாக்கி, 1975இல் அவர் ஒரு வினாக்கொத்து வெளியிட்டார். குத்துகிறது என்பதும் எரிகிறது என்பதும் வேறு வேறு செய்திகள் என்பது அதன் அடிப்படை. நம்மிடம் இச்சொற்களுக்குப் பஞ்சமா? குத்து, குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிவு, இழுவை, விறைப்பு, சுள்ளென்று பாய்தல், விண்விண்ணென்று தெறித்தல். ஆனால் சிங்களம் பேசும் வைத்தியருக்கும் தமிழ் மட்டும் அறிந்த தொழிலாளிக்கும் இடையே, பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருவர் மொழிபெயர்க்கும்போது இவையனைத்தும் 'ரிதெனவா' என்ற ஒரே சொல்லாகக் குறுகிவிடுகின்றன. குறை சிங்களத்தில் இல்லை; அம்மொழியிலும் வலிக்குப் பல பெயர்கள் உண்டு. பயின்ற மொழிபெயர்ப்பாளர் இல்லாமையே குறை. தமிழ் 1987இல் அரசகரும மொழியான பின்னரும், 'குடைச்சல்' என்று சொல்லிக் குடைச்சலுக்கு மருந்து பெறும் உரிமை தோட்டத்துப் பெண்ணுக்கு இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை. மொழியுரிமையைப் பற்றிப் பேசும் நாம் கச்சேரிப் படிவங்களோடு நின்றுவிடுகிறோம்.

இனி ஐயத்தைப் பற்றிப் பேசுவோம். 1953இல் வெளிவந்த விற்கன்ஸ்டைனின் 'தத்துவ விசாரணைகள்' என்னும் நூலில் இவ்விடயம் நீண்டு ஆராயப்படுகிறது. பிறர் வலியைக் குறித்துத் தத்துவவாதி கொள்ளும் ஐயம் வாழ்வில் நாம் கொள்ளும் ஐயத்தைப் போன்றதன்று என்பது அவர் கருத்தின் சாரம். கண்முன் துடிக்கும் ஒருவனைக் கண்டு, இவனுக்கு மெய்யாகவே வலிக்கிறதா என்று எவரும் தருக்கம் பண்ணிக்கொண்டிருப்பதில்லை. நாம் இதனோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறோம். துடிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பவரை ஐயுறுவது எங்கே எளிதாகிறது? நம்பினால் நமக்கு ஏதேனும் நட்டம் ஏற்படும் இடத்தில். தராசருகே நிற்கும் கணக்கப்பிள்ளைக்கு ஒரு முழுப் பேரைப் பதிவதற்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவருக்கு மேலே தோட்ட அதிகாரி, அவருக்கும் மேலே கம்பனியின் வருடக் கணக்கு. ஒவ்வொரு படியிலும் நம்பிக்கை செலவாகவும் ஐயம் சிக்கனமாகவும் எழுதப்படுகிறது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தொழிலாளரின் வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பைத் தோட்டங்களின்மீது சுமத்தியது. அது ஒரு முன்னேற்றமே. ஆனால் நோயாளியா இல்லையா என்று தீர்மானிப்பவர், வேலைக்கு ஆள் தேவைப்படும் அதே நிருவாகத்திடம் சம்பளம் பெறுபவராக இருக்கும் நிலையும் அத்துடன் நிலைத்தது.

சம்பள ஒப்பந்தங்களையே எடுத்துக்கொள்ளலாம். 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி நாளுக்கு 620 ரூபா என்று சொல்லப்பட்ட தொகையில் 450 ரூபாவே அடிப்படை. 140 ரூபா வருகைக்கான ஊக்குவிப்பு; வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 வீதத்துக்கு வந்தவருக்கே அது உரியது. மாதத்தில் இருபத்து நான்கு நாள் வேலை இருந்தால் பதினெட்டு நாளாவது போயிருக்க வேண்டும். மாதவிடாய் வலியில் நான்கு நாளும், தலைவலியில் மூன்று நாளும் படுத்துவிட்ட பெண் அந்த ஏழு நாள் சம்பளத்தோடு, வலியோடு போய் உழைத்த பதினேழு நாட்களின் 140 ரூபாவையும் இழந்தாள். 2016இல் இத்தொகை அறுபதாகக் குறைந்து 2019இல் நீங்கியது; 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் நாளுக்கு 200 ரூபா வருகை ஊக்குவிப்பு என்று வேறு வடிவில் மீண்டும் முன்மொழியப்பட்டது. தொழிலாளியின் கைக்கு இன்னும் நாலு காசு வருவதை நாம் எதிர்க்கவில்லை. வருகையை ஊக்குவிப்பது என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் கருத்தையே எதிர்க்கிறோம். வராதவர் வர விரும்பாதவர் என்பதே அக்கருத்து.

சட்டங்களும் கண்ணால் காண்பதையே நம்புகின்றன. 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணை, இழந்த உறுப்புகளுக்கு வீதம் குறித்து வைத்திருக்கிறது. இழக்காத உறுப்பு ஆண்டுக்கணக்காக வலித்தால் அதற்கு அவ்வட்டவணையில் இடம் தேடுவது வீண். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடல் அல்லது உளக் குறைபாட்டினால் வாழ்வின் தேவைகளைத் தானாக நிறைவு செய்துகொள்ள இயலாதவரையே அங்கவீனமுற்றவர் என்கிறது. வலியோடு மலையேறிப் பன்னிரண்டு கிலோ கிள்ளி வருபவள் 'இயலாதவள்' ஆகமாட்டாள். அவள் படும்பாடே அவளுக்கு எதிரான சான்றாகிவிடுகிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் பார்த்தல், கேட்டல், நடத்தல், அறிதல், தன்னைப் பேணல், தொடர்பாடல் ஆகிய ஆறு துறைகளில் இடர்ப்பாடு உண்டா என்று கேட்டு, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினர் இடர்ப்பாடுடையோர் எனக் கண்டார்கள். வலிக்கிறதா என்ற கேள்வி அந்த ஆறில் இல்லை. அங்கவீனம் என்ற சொல்லே அங்கத்தைத் தேடுகிறது. அதற்குப் பதிலாக இன்று வழங்கும் மாற்றுத்திறனாளி என்ற சொல் மரியாதையானதுதான். ஆனால் வலியில் கிடப்பவரிடம், உன் மாற்றுத்திறன் யாது என்று கேட்பதுபோல் அது ஒலிப்பதைத் தவிர்க்க முடியவில்லை. 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, நீண்டகாலக் குறைபாடும் சமூகத்தின் தடைகளும் சேர்ந்தே அங்கவீனத்தை உண்டாக்குகின்றன என்று கூறுகிறது. அந்த நோக்கில் பார்த்தால் பதினெட்டு கிலோ என்பதே ஒரு தடை, படிக்கட்டைப் போல.

மலையக மக்களுக்குச் சாட்சி கேட்கப்படுவது புதிதன்று. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குப் போகத் 'துண்டு' வேண்டியிருந்தது. கடனோடு கட்டிப்போட்ட அம்முறை 1921இல்தான் ஒழிந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பனும் பாட்டனும் பிறந்த இடத்துக்குப் பத்திரம் கேட்டது. இம்மண்ணில் பிறந்து, இம்மண்ணிலேயே புதைந்தவர்களின் பிள்ளைகள் தாம் இங்கே இருப்பதை நிரூபிக்க வேண்டியவர்களானார்கள். எஞ்சியோரின் உரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. ஒரு மக்கட் கூட்டத்தின் சொல்லுக்கு மட்டும் எப்போதும் காகிதம் கேட்கும் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை அறிந்தவர்களுக்கு, வலிக்கிறது என்ற சொல்லுக்கும் காகிதம் கேட்கப்படுவது வியப்பளிக்காது.

நடிப்பவர்களே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். உடலைத் தவிர வேறு முதல் இல்லாதவன், அவ்வுடலுக்கு ஒருநாள் ஓய்வு வாங்கப் பொய்யைத் தவிர வேறு வழி இல்லாதபோது பொய் சொல்லுவான். ஆனால் இரண்டு தவறுகளையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். நடிப்பவரை நம்பிவிட்டால் தோட்டம் இழப்பது அரை நாட்கூலி. நோவுடையவரை நம்ப மறுத்தால் ஒரு இருபது வயது உடல் நாற்பதில் முடிந்துபோகிறது. அதைவிட மோசமாக, தன் புலன்களையே தான் நம்பாத ஒரு மனம் உருவாகிறது. தனக்கு மெய்யாகவே வலிக்கிறதா, அல்லது தான்தான் சோம்பேறியா என்று இரவில் தன்னையே கேட்டுக்கொள்ளும் இளம் பெண்ணின் நிலைக்கு எந்தச் சட்டம் நட்டஈடு தரும்?

இதுவரை முதலாளியைப் பற்றிப் பேசினோம். அது நமக்கு எளிது. நம் இயக்கத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். உழைப்பே உயர்வு என்று நாம் மேடைகளில் முழங்கி வந்திருக்கிறோம். நமது சுவரொட்டிகளில் முறுக்கேறிய தோள்களும் உயர்த்திய முட்டிகளும்தான். உழைப்பவனுக்கே உரிமை என்ற கோஷம் உழையாமல் உண்ணும் முதலாளிக்கு எதிராகப் பிறந்தது. ஆனால் அதே கோஷத்தைக் கேட்டுக்கொண்டு லயத்தில் படுத்திருக்கும் பெண் தன்னை எங்கே வைத்துக்கொள்வாள்? மனிதனை அவன் தரும் உழைப்பால் அளப்பதில் தோட்டத்துத் தராசுக்கும் நமக்கும் வேறுபாடு வேண்டாமா? கார்ல் மார்க்ஸ் 1875இல் எழுதி, அவர் மறைந்த பின் 1891இல் வெளியான கோத்தா வேலைத்திட்ட விமர்சனத்தில் இதைத்தான் தொட்டார். ஒருவர் மற்றவரைவிட உடலாலோ மனத்தாலோ வலியவர். ஆகவே உழைப்பை மட்டும் அளவாகக் கொண்ட சம உரிமை, சமமற்ற மனிதர்களிடையே சமமற்ற உரிமையாகிவிடும் என்று அவர் காட்டினார். ஆற்றலுக்கேற்ற உழைப்பு, தேவைக்கேற்ற பங்கு என்ற குறிக்கோளுக்கு அவர் வந்து சேர்ந்தது இந்த வழியில்தான். 'மூலதனம்' எழுதிய ஆண்டுகளில் உடலெங்கும் கட்டிகள் தோன்றி உட்காரவும் இயலாமல் தவித்த மனிதர் அவர் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

ஆசிரியராக இருக்கும் நம் வாசகர்களுக்கும் இதில் பங்குண்டு. பல்கலைக்கழகங்களில் வழமையாகக் கேட்கப்படும் 80 வீத வருகைக்கும், மேலே சொன்ன 75 வீதத்துக்கும் கருத்தளவில் வேற்றுமை காண்பது கடினம். கடைசி வாங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருக்கும் மாணவியைச் சோம்பேறி என்று பதிவேட்டில் எழுதும்போது நம் கையிலும் ஒரு தராசு இருக்கிறது. லயத்திலிருந்து உயர்தர வகுப்புவரை வந்தவள், வந்து சேர்வதற்காகவே எவ்வளவு செலவிட்டிருக்கிறாள் என்பதை அப்பதிவேடு கேட்பதில்லை.

1940 மே மாதத்தில் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் நடந்ததை இங்கே நினைவுகூரலாம். சமசமாஜக் கட்சியின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் தாமே ஒரு சபையைத் தெரிந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே தோட்டத்தை நடத்துவதாகத் துரை இணங்க நேர்ந்தது. அது நெடுநாள் நிலைக்கவில்லை. ஆயினும் வேலையைப் பற்றிய தீர்ப்புகள் துரைக்கு மட்டும் உரியவையல்ல என்று ஊவாத் தொழிலாளி அன்றே சொல்லிவிட்டான். யாரால் இயலும், யாரால் இயலாது என்பதும் வேலையைப் பற்றிய தீர்ப்புத்தான். ஆனால் அதன் பின் வந்த ஒப்பந்தப் பேச்சுகளில் ரூபாவும் கிலோவும் பேசப்பட்ட அளவுக்கு இது பேசப்படவில்லை.

பேசுவதற்கு உரியவை பெரிய புரட்சிகளல்ல. ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போன நாள் வருகை நாளாகக் கணக்கிடப்பட வேண்டும். நாட்பட்ட வலியுடையவருக்கு நிறை குறைத்த வேலையோ, கூடை சுமக்காத இலகு வேலையோ முழுப் பேருக்குக் கிடைக்க வேண்டும். அதைத் தீர்மானிப்பவர் தோட்டத்தின் சம்பளப் பட்டியலில் இருக்கக் கூடாது. தீர்மானிக்கும் இடத்தில் தொழிலாளரின் பிரதிநிதி ஒருவரும் அமர வேண்டும், அவர் பெண்ணாக இருப்பது நலம். பதுளைப் பெரியாஸ்பத்திரியின் வெளிநோயாளர் பகுதியில், இலங்கைத் தோட்டங்களின் தமிழ் அறிந்த மொழிபெயர்ப்பாளர் காலை முதல் மாலைவரை இருக்க வேண்டும். அவர் கையில், நம் ஆசிரியர்களும் மாணவர்களும் பசறையிலும் லுணுகலையிலும் கொஸ்லந்தையிலும் லயம் லயமாகக் கேட்டுத் திரட்டிய வலிச் சொற்களின் பட்டியல் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் நேரான சிங்களச் சொல்லோடு இருக்கலாம். அத்தகைய பட்டியலொன்றைத் தயாரிக்க ஒரு தவணை விடுமுறை போதுமென்று தோன்றுகிறது.